அருணா கொண்டுபோன பொங்கல் சீர்

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். கட்டுமாவடியில் மீன்கூடை தூக்கி ஆரம்பித்து, சொந்த லாரி வாங்கி, கிளீனர்கூட இல்லாமல் மதுரைக்கும் திருச்சிக்கும் ஓட்டினேன். மாடி வீடும் காரும் நானே உண்டாக்கினது. ஒரு கோழிகூட என் சக்கரத்தில் சிக்கினதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

விராலிமலையில் கட்டிக்கொடுத்த என் மகள் கலைமதிக்கு வருசா வருசம் பொங்கல் சீரை நான்தான் கொண்டுபோவேன். இந்த வருசம் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. வண்டியைத் தொடக் கூடாது, அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் ரகுநாத் சிங்கப்பூரில். அவன் மகள் அருணாவுக்குப் பத்தொன்பது வயசு, போன வருசம்தான் லைசென்ஸ் எடுத்தாள். நான் போறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டாள். துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றேன்.

"நீங்க தொணைக்கு ஆள் வச்சா லாரி ஓட்டுனீங்க?"

ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த கதை.

பச்சரிசி, வெல்லம், பித்தளைப் பானை, மஞ்சள் கொத்து எல்லாம் உள்ளே ஏற்றினோம். கரும்புக்கட்டைக் கார் மேலே என் கையாலேயே கட்டினேன். ஓட்டும்போது போனைத் தொட்டால் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தேன்.

கார் தெருமுனை திரும்பினதும் போனைத் தேடி எடுத்தேன். அறந்தாங்கி டீக்கடை அழகி, புதுக்கோட்டை டயர்கடை சிவபிரகாஷ், அன்னவாசல் பஞ்சர்கடை ஜெரால்டு, மூன்று பேரும் என் லாரிக் காலத்துப் பழக்கம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கரும்பு கட்டின வெள்ளைக் காரில் பேத்தி தனியாக வருகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரவேண்டியவள் சேரவில்லை. அவள் போனில் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எடுக்காதே என்றவனும் நான்தானே. அழகியைக் கேட்டால் அப்போதே கிளம்பிவிட்டாள் என்கிறாள். சிவபிரகாஷும் அதையேதான் சொன்னான். ஜெரால்டு எடுக்கவே இல்லை. போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கலைமதி போனிலிருந்து அருணா பேசினாள்.

"இம்புட்டு நேரம் எங்க இருந்த ஆத்தா?"

"போனைத் தொடக் கூடாதுன்னீங்க, பைக்குள்ள போட்டுட்டேன். எங்க விட்டாங்க தாத்தா? அழகி அக்கா இட்லி திங்காம விடல. டயர்கடையில நாலு டயரையும் கழட்டிப் பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போயி சோறு போட்டாங்க. அன்னவாசல்ல ஜெரால்டு மாமா கரும்ப அவுத்து மறுபடி கட்டுனாரு. கயிறு தளந்து ரோட்டுல சரியப் பாத்துச்சாம்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எந்த மடையன் கட்டுனதுன்னு கேட்டாரு. கரும்பு வித்த ஆளு கட்டுனதுன்னு சொல்லிட்டேன்."

என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்! பின்னால் வந்தவன்மேல் கரும்பு சரிந்திருந்தால் என்னவாகியிருக்கும்? பார்த்துக்கொள்ளச் சொன்னேன், பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். லாரி ஓட்டிச் சம்பாதித்ததில் வீட்டையும் காரையும்தான் இதுவரை பெருசாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மீன் வண்டியில் மூன்று கடைக்கும் வஞ்சிரம் மீன் அனுப்பினேன். இருந்ததிலேயே பெருசு ஜெரால்டுக்கு. எதுக்குங்க இவ்வளவு பெருசு என்று போனில் கேட்டான். சும்மா தின்னுப்பா என்று வைத்துவிட்டேன்.