இடது பின்கதவு ஸ்பீக்கர்

இதை நம்புங்கள் என்று யாரிடமும் நான் கெஞ்சப்போவதில்லை. நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லாமல் போய்விட்டது. நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில், ஆள் நடமாட்டமுள்ள சாலையில்.

கார் ஸ்டீரியோ மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "தானா பாடுதுங்க, ஏதோ பேய் புகுந்துடுச்சு" என்று எத்தனையோ பேர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு வயர் ஆடிக்கொண்டிருக்கும். அவர்கள் முகத்துக்கு நேராகவே சிரித்து அனுப்பியிருக்கிறேன்.

என் அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு புரோக்கர் மூலமாகப் பழைய கார் ஒன்றை வாங்கினார். எல்லாம் நன்றாக இருந்தது, ஸ்பீக்கர்தான் பேசவில்லை. ஸ்டீரியோவில் விளக்கு எரியும், பாட்டின் பெயர் ஓடும், சத்தம் மட்டும் வராது. "உங்க மாமா ஒரு ஊமை வண்டிய ஓட்டிட்டு வந்திருக்கார்டா, வந்து பாரு" என்று அக்கா போனில் சிரித்தாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கார் என்றாலே பயம். மாமா ஓட்டும்போது முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வருவாள். நான் ஓட்டினால் மட்டும் பின்னால் சாய்ந்து குறட்டையே விடுவாள். "நீ ஓட்டினா எனக்கு வீட்டுல இருக்கற மாதிரிடா" என்பாள். அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. 

கடைக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில் அவள் வீட்டுக்குப் போனேன். மாமா காரை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். டேஷ்போர்டைப் பிரித்து ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயர்கள் எல்லாமே வெட்டப்பட்டிருந்தன. எலி வேலை இல்லை, எலிக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. யாரோ கட்டர் வைத்து வெட்டி, ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக டேப் சுற்றியிருந்தார்கள். பாட்டு பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? எந்த மடையன் செய்த வேலை இது என்று திட்டிக்கொண்டே டேப்பைப் பிரித்தேன்.

ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. வயரின் இரண்டு முனைகளிலும் ஒரு பென்சில் பேட்டரியைத் தொடவைப்போம். நல்ல ஸ்பீக்கர் என்றால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். முன்னால் இருந்த இரண்டும் 'டப்' என்றன. வலது பின்கதவும் சொன்னது. இடது பின்கதவு மட்டும் வாயே திறக்கவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டேன்.

டப்.

இடது பின்கதவிலிருந்து வந்தது.

"கதவத் தட்டினியா?" வாசலில் நின்ற அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. வண்டி சூடு, தகரம் விரியுது."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டேஷ்போர்டுத் தூசி தொண்டைக்குள் போய் இருமல் வந்தது. இருமினேன். ஒரு நொடி கழித்து அதே கதவுக்குள்ளிருந்து அதே இருமல்... சன்னமாக... ஆனால் கொஞ்சம் தப்பாக. முதல்முறை எழுதிப் பார்க்கிற குழந்தையின் எழுத்து மாதிரி. கதவுக்குள் வெற்றிடம் இருக்கிறது, எதிரொலிக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி இருமிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

வயர்களை எல்லாம் சேர்த்தேன். மூன்று ஸ்பீக்கர்கள் பாடின. நான்காவது மௌனம். கதவு மடங்குகிற இடத்தில் வயர் நசுங்கியிருந்தால் இப்படி ஆகும். வண்டி ஓடும்போது குலுங்கினால் விட்டுவிட்டுக் கேட்கும். ஓட்டிப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும்.

"அக்கா, பின்னாடி இடது பக்கம் உக்காரு. கதவுகிட்ட காத வெச்சுக்கோ. ஏதாவது கேட்டா சொல்லு."

"பாட்டு கேக்கக் கூலி குடுப்பியா?" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மற்ற மூன்றையும் அடக்கி, சத்தம் இடது பின்பக்கம் மட்டும் போகிற மாதிரி ஸ்டீரியோவைத் திருப்பி வைத்தேன். டேஷ்போர்டு திறந்தே கிடந்தது. அதன் நான்கு ஸ்க்ரூவையும் எங்கே வைத்தாலும் உருண்டு தொலைந்துவிடும் என்று வழக்கம்போல உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டேன். இந்தப் பழக்கத்துக்காக என் மனைவி என்னைத் திட்டாத நாளில்லை.

புறவழிச்சாலைக்கு வந்தோம். மணி மூன்று ஐந்து. வேகம் எழுபது.

"கேக்குதுடா" என்றாள் அக்கா.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. 'ம்?' என்றேன். வாயில் ஸ்க்ரூ.

"பாட்டு இல்ல. யாரோ பேசறாங்க."

ரேடியோவாக இருக்கும் என்று ஸ்டீரியோவை அணைத்தேன்.

"இன்னும் கேக்குது."

ஸ்டீரியோவின் முகப்பையே கழற்றி மடியில் போட்டேன். இனி அதில் எதுவும் ஓட வழியில்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா என்று நினைத்தேன்.

பிறகு அவள் பேசினாள். என்னிடம் இல்லை... பதில் சொல்கிற மாதிரி.

"அதுக்குள்ளயா?"

"சரி, சரி. அவசரப்படுத்தாத."

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாக. காலால் செருப்பைத் தேடிக்கொண்டு.

க்ளிக்.

சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

கத்த வாயெடுத்தேன். ஸ்க்ரூ நாக்கில் குத்தியது. 'ம்ம்ம்' என்றுதான் வந்தது.

டக்.

கதவின் பூட்டு.

ஹோவென்று காற்று...

ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்து, காலை வெளியே வைக்கப் போனாள் என் அக்கா.

பிரேக்கை மிதித்தேன். ஒரு கையைப் பின்னால் வீசினேன். புடவை கையில் சிக்கியது. இழுத்தேன். உயிரைக் கொடுத்து இழுத்தேன்.

டயர் கிறீச்சிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அலறியபடி உரசிக்கொண்டு போனது.

வண்டி நின்றது.

அக்காவின் ஒரு கால் வெளியே தொங்கியது. செருப்பைக் காணோம். குதிகால் தோல் உரிந்து ரத்தம்.

நான் ஸ்க்ரூக்களைக் கையில் துப்பினேன். அதிலும் ரத்தம்.

"அறிவிருக்காக்கா? எதுக்குக் கதவத் தொறந்த?"

அவள் சாலையைப் பார்த்தாள். பிறகு என்னை. அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. பயம் சாலையைப் பார்த்து இல்லை... என்னைப் பார்த்து.

"நீதானே சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"வீடு வந்துடுச்சுக்கா, எறங்குன்னு."

அப்போதுதான் அது கேட்டது. இந்த முறை எனக்கும்.

இடது பின்கதவிலிருந்து. தெளிவாக. என் குரலில். கைக்கு எட்டியது தவறிப்போனால் நான் எரிச்சலாகச் சொல்கிற அதே மாதிரி...

"ச்சே."

இருவரும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம். அவளுக்குக் கை கொடுக்கப் போனேன். உதறிவிட்டாள்.

புரோக்கரை விரட்டி, காரை விற்றவரின் நம்பரை வாங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். வயதானவர் குரல். எந்தக் கார் என்று சொன்னேன்.

"வயரச் சேத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"யாராவது..."

"இல்ல. கடைசி நிமிஷத்துல இழுத்துட்டேன்."

அவர் அழுவது கேட்டது. பிறகு சொன்னார். "என் வீட்டுக்காரியும் அந்த எடத்துலதான் உக்காந்திருந்தா. ஓடற வண்டியிலேர்ந்து எறங்கிட்டா. நான் எறங்கச் சொன்னேனாம்."

"யார் சொன்னது?"

"என் பொண்ணு. பக்கத்துல உக்காந்திருந்தா. அன்னையிலேர்ந்து அவ எங்கூடப் பேசறதில்ல."

"அது நீங்க பேசினதில்ல, உங்க குரல் மாதிரி கேட்டதுன்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னேன் தம்பி. கண்ணாடியில உன் வாய் அசைஞ்சத நான் பாத்தேன்னு சொல்லிட்டா."

போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவரிடம் இல்லாத சாட்சி என்னிடம் இருந்தது. அன்றே அக்கா வீட்டுக்கு ஓடினேன். கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொல்லல. எப்படிச் சொல்லியிருக்க முடியும்? வாயில நாலு ஸ்க்ரூ இருந்துச்சு. நீயே பாத்தியே!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தேன்டா. நாலும் உன் உதட்டுலயேதான் இருந்துச்சு. அதோடதான் பேசின... சிரிச்சுக்கிட்டே."