யார் பேர் மேலே?

மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். சண்முகப்பிரியா மட்டும் எழவில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பிரித்து, மணமக்கள் பெயரைத் தாண்டி, உறவினர் வரிசையில் விரலை இறக்கிக்கொண்டே போகிறாள். "மாமன் பேரு சித்தப்பனுக்குக் கீழ போயிருக்குது. இன்னிக்கு ஒருத்தரு கோவிச்சுட்டுக் கெளம்புவாரு, பாத்துட்டே இருங்க" என்கிறாள், எழப்போன பக்கத்து நாற்காலிக்காரியிடம். அவள் இலைக்குப் பாயசம் வருவதற்குள் வாசலில் குரல் உயர்ந்துவிடுகிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். நாமக்கல்லிலிருந்து பேருந்தில் போய்வரும் நேரமெல்லாம் சாலையோர ஃப்ளெக்ஸ் வாசிப்புதான். "இவருக்குப் பட்டம் மூணு போட்டிருக்காங்க, போட்டோ மட்டும் பொடுசு. உள்ளுக்குள்ள என்னமோ புகையுது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே இந்தச் சமாசாரம்தான். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் புத்தகம் எழுதியவர்கள் முதல் பக்கத்தில் ஒரு பிரபுவின் பெயரைப் போடுவார்கள். அவரைச் சூரியன் என்பார்கள், தங்களைப் புழு என்பார்கள். பிரபு மனம் குளிர்ந்தால் அடுப்பு எரியும். அந்தச் சமர்ப்பணப் பக்கங்களோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியதில், செத்து மண்ணாகிப்போன அந்த எழுத்தாளர்கள் அவளுக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். "என்ற ஆளுக கூச்சமே படமாட்டாங்க. பாவம், வயித்துக்குத்தானுங்களே?" என்று அவர்களுக்காகப் பரிந்து பேசுவாள்.

ஒரு மனிதனை அவன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படிப் புகழ்ந்துவிட்டால் அவன் மெல்ல அப்படியே மாறிவிடுவான் என்று அந்தக் காலத்துக் கல்விமான்கள் நம்பினார்கள். சண்முகப்பிரியா அதைச் சோதித்தும் பார்த்தாள். எரிந்து விழுகிற நடத்துநரிடம் ஒருநாள், "அண்ணனாட்டப் பொறுமையான ஆளு இந்த ரூட்டுலயே இல்லீங்க" என்றாள். மறுநாளிலிருந்து அவள் ஓடிவரும்வரை வண்டி விசிலுக்குக் காத்திருக்கிறது.

இப்படிப்பட்டவளுக்கே தன் ஆய்வேட்டின் முதல் பக்கம் வினையானது.

அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. அவள் தவழும்போதே போய்விட்டார். தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் தாய்மாமன் தங்கமுத்து. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். படிக்கவைத்தவர் பெரியப்பா குழந்தைவேல், கோழிப்பண்ணைக்காரர். ஏடு முடிந்த சேதி தெரிந்ததும் மாமனின் போன் வந்தது.

"ஏஞ்சாமி, உன்ற பொஸ்தகத்துல மேல ஆரு பேருங்கறேன்?"

பெரியப்பா நேரிலேயே வந்தார். "நான் ஒண்ணும் கேக்கல அம்மிணி. நாளைக்கு ஊருல நாலு பேரு கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லிப்போடு" என்றார்.

அவள் கல்யாணப் பத்திரிகையில் பெயர் கீழே போய்விட்டதென்று, செய்ய வேண்டிய சீரையெல்லாம் குறையில்லாமல் செய்துவிட்டு, கை நனைக்காமல் கிளம்பியவர் மாமன். மூன்று பொங்கலுக்கு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா சௌந்திரம் அந்த மூன்று பொங்கலும் பொங்கல் பானை வைத்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவள். "எனக்குன்னு பொறந்த ஊடு அவன் ஒருத்தந்தான் பாப்பா. இன்னொருக்கா அவன் போனான்னா நான் தாங்கமாட்டேன்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'என்ற ஆளுக' கைகொடுத்தார்கள். அவர்களில் சில எமகாதகர்கள், ஒரே புத்தகத்துக்கு வேறு வேறு முதல் தாள் அச்சடித்து, ஆளுக்கொரு பிரபு என்று கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். சண்முகப்பிரியாவும் இரண்டு பிரதி கட்டினாள். ஒன்றில், வறண்ட பாறையைத் துளைத்து ஊற்றுக்கண் திறந்த மாமன் மேலே. மற்றொன்றில், குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக் காத்த பெரியப்பா மேலே. வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு இரண்டு வீட்டுக்கும் போய்க் கொடுத்து வந்தாள். மாமனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அவர் பெயர் ரிக் வண்டியின் நெற்றியில் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறது. அந்த எழுத்துகளை விரல் தடவிக் கண்டுபிடித்தது. மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு நாள். இருவரையும் வரிசையின் இரண்டு கோடியில் உட்கார வைக்கவேண்டும் என்பது அவள் திட்டம். தம்பி வந்துவிட்ட பூரிப்பில் அம்மா இருவரையும் முன்வரிசை நடுவில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். இருவர் மடியிலும் ஆளுக்கொரு பிரதி.

மேடையில் அவள் பேசி முடிக்கும் தறுவாயில், மாமன் தன் பிரதியை விரித்தார்.

"மச்சான், மேல ஆருன்னு பாத்தீங்களா?"

பெரியப்பா தன்னுடையதை விரித்து நீட்டினார். "நீயும் பாரு மாப்ள."

மாமனின் விரல் முதல் வரியைத் தடவியது. ரிக் வண்டி நெற்றியின் எழுத்து அங்கே இல்லை. கீழே இருந்தது. காது மடல் சிவக்க எழுந்தார். "நான் வாரேனக்கா" என்றார். அம்மா அவர் துண்டின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இது எதுவும் அறியாத வெளியூர்த் தேர்வாளர் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "சரி, ரெண்டு பிரபுவும் ஒரே எடத்துல உக்காந்து புத்தகத்தை ஒப்பிட்டுப் பார்த்துட்டா, அந்த எழுத்தாளர் என்னம்மா பண்ணுவார்?"

"இதா, சொல்றனுங்க சார்" என்றாள் சண்முகப்பிரியா.

மேடையை விட்டு இறங்கினாள். நின்றுகொண்டிருந்த மாமனுக்கும் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கும் சரிநடுவில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஒரே நொடியில் நீட்டி இரண்டு பேர் காலையும் தொட்டாள். வலக்கை யார் காலில் என்று இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அவள் நிமிரவில்லை, கைகளைக் குறுக்காக மாற்றி, இன்னொரு முறை தொட்டாள்.