சிவப்பு வண்டியை அவருக்குக் கொடுக்கவில்லை

விவாகரத்துப் பேச்சு வக்கீல் அறையில் நடந்தபோது, நகை வேண்டுமா, வீட்டில் பங்கு வேண்டுமா என்று கேட்டார்கள். நான் காரைக் கேட்டேன். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாவாவோட காரை வாங்கி நீ என்னா பண்ணப் போறக்கா? உனக்கு ஓட்டவே தெரியாதே" என்றான், என் கணவரைப் பாவா என்று கூப்பிடும் தம்பி.

"கத்துக்குவேன்" என்றேன்.

சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. தரையோடு தரையாக இருக்கும். மேல்கூரையை மடித்துவிடலாம். சென்னையில் யாரோ பணக்காரர் ஓட்டிச் சலித்த வண்டி அது. பள்ளிப்பட்டில் விசைத்தறி வைத்திருந்த என் கணவர், தறிக்கு உதிரி பாகம் வாங்க ஆயிரம் தடவை யோசிப்பார். அந்தக் காருக்கு யோசிக்கவே மாட்டார். ஓட்டுகிற இருக்கையில் என்னை ஒருமுறைகூட உட்காரவிட்டதில்லை. என் புடவை ஜரிகை தோல் உறையைக் கீறிவிடுமாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை திருத்தணி கோயிலுக்குப் போனோம். அடிவாரத்தில் அவருடைய சிநேகிதர் கை காட்டினார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. "நீ படியேறி வந்துடு, நாங்க மேல நிக்கிறோம்" என்று என்னை இறக்கிவிட்டு, சிநேகிதரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய்விட்டார். மூச்சு வாங்க நான் மேலே போய்ச் சேர்ந்தபோது இருவரும் இல்லை. வரிசையில் தேடினேன், கார் நிறுத்துமிடத்தில் தேடினேன். தரிசனம் முடித்துவிட்டு நகரிக்குச் சாப்பிடப் போயிருந்தார்களாம். கைப்பையும் போனும் காரிலேயே இருந்தன. பூ விற்கிற அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கி வீடு வந்தேன். அவர் வந்ததும் கேட்டேன். "அட, ஆமால்ல!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் காரைக் கேட்டேன்.

விவாகரத்து முடிந்து கார் என் கைக்கு வந்தது. திருத்தணியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று வைத்துக்கொண்டேன். காரும் பழகினேன். முதல்முறை பெட்ரோல் போடப் போனபோது மூடியைத் திறக்கும் விசை எங்கே என்று தெரியவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, வெட்கத்தை விட்டு அவருக்குப் போன் செய்தேன். "வாங்கத் தெரிஞ்சுதுல்ல, கண்டுபிடி" என்று வைத்துவிட்டார். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சின்னப் பெட்டிக்குள் அது இருந்தது. யாராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

அதன்பிறகு வாரம் தவறாமல் பள்ளிப்பட்டுக்குப் போனேன். ரத்த மாதிரி எடுக்க என்று சொல்லிக்கொண்டேன். கூரையை மடித்து, அவர் வீட்டுத் தெருவில் மெதுவாக ஓட்டுவேன். வண்டியின் உறுமல் கேட்டதும் தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவர் வாசலுக்கு வருவார். என்னைப் பார்க்க மாட்டார். டயரைப் பார்ப்பார், பம்பரில் புதிதாக விழுந்த கீறலைப் பார்ப்பார். முகம் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

போன வருஷம் வண்டி தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு தட்டியது. அந்தச் சமயம் பார்த்து சென்னையிலிருந்து ஒரு புரோக்கர் நீல நிறக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் இரண்டு இருக்கைதான், ஆனால் புதுசு மாதிரி இருந்தது. "கையிலிருந்து எதுவும் போட வேணாங்க. உங்க சிவப்பு வண்டியக் குடுத்துட்டு இத எடுத்துக்குங்க" என்றார்.

நகரி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். கால் வைத்ததும் பறந்தது. இரண்டு பக்கமும் மலை விலகி விலகிப் போயிற்று. என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்தேன். மனசுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் புரோக்கர் சிவப்பு வண்டியைச் சோதித்தார். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு, சின்னப் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் மூடியை 'டக்'கென்று விடுவித்தார். தேடவே இல்லை.

"இந்த விசை இங்க இருக்குதுன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

அவர் விழித்தார். "பொதுவா இப்படித்தாங்க..."

"பொதுவா இல்ல. யாருன்னு சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரருதாங்க. அதாவது, முன்னால இருந்தவரு. இந்த வண்டிக்காகவே அந்த நீல வண்டிய வாங்கினாரு. கண்ணுக்கு எதிர்லயே பாழாப் போய்கினு இருக்குதேன்னு பொலம்பறாரு."

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன். யோசிக்கவும் செய்தேன். நீல வண்டி எனக்கு வேண்டும். அவர் முகத்தில் சந்தோஷம் வேண்டாம். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை.

"வண்டி நல்லா இருந்தா வாங்கிக்க. யார் குடுத்தா உனக்கென்ன?" என்று தம்பி வாதாடினான். அவன் சொன்னது சரிதான். ஆனால் சிவப்பு வண்டி அந்த வாசலில் போய் நிற்பதையும், அவர் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதையும் நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், புத்தூரில் ஒரு பல் டாக்டர் என் வண்டியை முன்பே கேட்டிருந்தார். அவரிடம் பழைய கறுப்புக் கார் இருந்தது. அதுவும் ஒரு காலத்தில் பந்தய வண்டி மாதிரி இருந்திருக்கும். நான் பார்த்தபோது ஏசி வேலை செய்யவில்லை, ஒரு கதவு உள்ளிருந்து திறக்காது. மாற்றிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். டாக்டருக்கே நம்பிக்கை வரவில்லை. சிவப்பு வண்டி எல்லை தாண்டிப் போயிற்று.

இரண்டாம் நாள் என் முன்னாள் கணவரிடமிருந்து போன் வந்தது.

"யாருக்கோ குடுத்துட்டியாமே? நான் கேட்டேன்ல?"

"ஆங். நீங்க கேட்டதாலதான் குடுத்தேன்."

அவர் பட்டென்று போனை வைத்தார். நான் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கறுப்பு வண்டி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. போன மாதம் பொதட்டூர்பேட்டை சாலையில், உச்சி வெயிலில், புகை கக்கி நின்றுவிட்டது. மெக்கானிக்குக்காகப் புளியமரத்தடியில் காத்திருந்தேன். நீல வண்டி ஒன்று வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அவர்தான். வியர்த்து வழிந்துகொண்டிருந்த என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்த வண்டி எந்த ஊர்ல இருக்குது?" என்றார்.

"தெரியாதுங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த ஊரும் தெரியும், தெருவும் தெரியும், வீட்டு வாசலில் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் தெரியும்.