நல்ல கைக்கு ஏன் கட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் என் தங்கை ஸ்டெல்லா. அவள் மடியில் ஐந்து வயது மகள் ரீனா. ரீனாவின் இடது கையில் விரல் நுனி வரை கட்டு.

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தார். "பாப்பா எங்கனா உயுந்துட்டுச்சாங்க? கை ஒடஞ்சிடுச்சா?"

"இல்லீங்க, அது நல்ல கை. சோத்துக் கைதான் சரியா வராது. அதுக்கு வேல குடுக்கணும்னு நல்ல கைய கட்டி வெச்சிக்கினு இருக்கோம்" என்றாள் ஸ்டெல்லா.

அந்தப் பெண் அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. என்ன நினைத்திருப்பார்... கல்நெஞ்சக்காரி என்றுதானே?

பக்கவாதம் பெரியவர்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். ரீனாவுக்குப் பிறக்கும்போதே வந்திருக்கிறது. எதை நீட்டினாலும் இடது கையாலேயே வாங்குகிறாளே என்று ஸ்டெல்லா சந்தேகப்பட்ட பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள்.

சென்னையில் டாக்டர் அவள் தலையருகே ஒரு காந்தக் கருவியை வைத்தார். டிக், டிக் என்று சத்தம் மட்டும்தான். வலியில்லை.

"மூளையில நல்லா இருக்கற பக்கம் எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டுக்குதும்மா. இந்தக் காந்தத்தால அதைக் கொஞ்சம் அடக்கி வெச்சா, பாதிச்ச பக்கம் வேலைக்கு வரும். கூடவே பயிற்சியும் வேணும். எவ்வளவு முன்னேறும்னு இப்பவே சொல்ல முடியாது."

பயிற்சி என்றால் இந்தக் கட்டுதான். தினமும் சில மணி நேரம். அதில் சாப்பாட்டு வேளையும் உண்டு.

என் வீட்டுக்கு வந்ததும் தட்டில் இட்லி வைத்தோம். ரீனா தொடவில்லை. அழுதாள். பசி. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

"ஊட்டிடட்டுமாக்கா? பாக்க முடியல."

"ஊட்டு. ஒரு வேளைதானே" என்றேன். குழந்தை அழும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாரால் முடியும்?

ஸ்டெல்லா இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனாள். ரீனாவின் வலது கை மடியிலிருந்து மெதுவாக எழும்பியது. மடங்கிய விரல்களோடு அம்மாவின் கையைத் தட்டிவிட்டது — இட்லி தரையில்.

"நானே துன்றேன்."

அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை அள்ளினாள். பாதி கீழே விழுந்தது. கொஞ்சம் மூக்கில் ஒட்டியது. மிச்சம் வாய்க்குள் போனது.

ரீனாவுக்கு இன்னும் சட்டைப் பட்டன் போட வராது. பென்சில் நழுவுகிறது. போக வேண்டிய தூரம் நிறைய.

ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டெல்லா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டாள் — "பாப்பா என்னை அடிச்சிட்டா."