தாப்பாவுக்கு அங்கால ஒரு அரிசோனா

1. கூட்டம்

“மிஸ்டர் மணியம், இந்த அரிசோனா எங்க இருக்கு? தாப்பாவுக்கு அங்காலயா?”

எங்கள் டைரக்டர் டாக்டர் யோகநாதன் இப்படிக் கேட்டபோது, நான் கூட்ட அறையின் கதவோரம் பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் நூலகப் பொறுப்பாளர் நான். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் அறை, இரண்டு கணினி, ஒழுகும் ஏர்கான், நான். டாக்டர்களும் நர்ஸ்களும் கேட்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது வேலை. ‘தகவல் நிபுணர்’ என்று எனக்கு நானே ஒரு பட்டம் வைத்திருந்தேன். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

டைரக்டர் யாழ்ப்பாணத்துப் பரம்பரை. குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லாருக்கும் பயம். நான் தேடிக் கொடுத்த கட்டுரைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, “இது அமெரிக்காவில இருக்கிற செவ்விந்தியர். நீங்களும் நானும் இல்லை” என்றார்.

அறையே சிரித்தது. புஷ்பா சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டை எடுத்து வந்து நிர்வாகத்தின் முன் பேசியது அவர்தான்.

2. ரிசர்வ் நிலம்

நடந்தது இதுதான். புஷ்பா சிஸ்டர் புண் கட்டும் பிரிவில் இருந்தார். தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று அங்கே தாமான் என்ற குடியிருப்பு வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் குடும்பம் ஈப்போவின் புந்தோங்குக்கு வந்துவிட்டது. அவருடைய அண்ணன் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பது தெரியாமலே திரிந்து, காலில் கொப்புளம் வந்து, அது அழுகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிஸ்டரே கட்டுப் போட்டார்.

சனிக்கிழமை காலைகளில் புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, தோட்டத்தை விட்டு வந்த சனங்களிடம் தமிழிலேயே பேசி, சர்க்கரையும் காலும் பார்க்க வேண்டும் என்று அவர் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார். நிர்வாகம் ஆதாரம் கேட்டது. அவர் என்னிடம் வந்தார்.

“நம்ம சனத்துக்கு ஏன் இவ்வளவு காலு போவுதுன்னு யாராச்சும் எழுதியிருப்பாங்கல்ல? தேடிக் குடுங்கண்ணே. இது நடக்கலன்னா இன்னொரு வீட்டுல இன்னொரு காலு போவும்.”

இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று சொல்லி அவரை அனுப்பினேன். ‘இந்தியன்’, ‘டயாபெட்டிஸ்’, ‘கால்’ என்று ஆங்கிலத்தில் மூன்று சொல் தட்டினேன். கட்டுரைகள் கொட்டின. பாதிக்கு மேல் ‘இந்தியன் ரிசர்வேஷன்’ என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. இந்த நாட்டில் பிறந்தவனுக்கு ரிசர்வ் நிலம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மலாய்க்காரருக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலத்தைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். நமக்கும் எங்கோ ஒரு ரிசர்வ் ஒதுக்கி, அதில் கிளினிக் வைத்து, ஆராய்ச்சியும் பண்ணியிருக்கிறார்களே, இத்தனை நாள் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கோப்பிக்கடையில் நாலு பேரிடம் இதைச் சொல்லியும் தொலைத்தேன். ஒருவர் அங்கே வீட்டு மனை கிடைக்குமா என்று விசாரித்தார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கட்டுரைகளின் தலைப்பையும் முதல் பத்தியையும் படித்தேன். எங்கே எடுத்த ஆராய்ச்சி என்று பார்க்கவில்லை. நிபுணர் அல்லவா.

கூட்டம் முடிந்து நடைபாதையில் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “என்னப் பாத்துச் சிரிச்சாங்க, பரவால்லண்ணே. அடுத்த மாசக் கூட்டத்துலயும் சிரிச்சா கிளினிக்கு இல்லலா” என்றார்.

3. அரைக்கால்

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டுரையிலும் யாரை ஆராய்ந்தார்கள், எங்கே ஆராய்ந்தார்கள், எப்போது ஆராய்ந்தார்கள் என்று முதலில் தேடினேன். இந்தியாவில் எடுத்தவை நிறைய இருந்தன. அங்கே இருப்பவர்களுடைய சாப்பாடு வேறு, வேலை வேறு. லண்டனில் எடுத்தவற்றில் பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி எல்லாரையும் ‘தெற்காசியர்’ என்று ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தார்கள். சிங்கப்பூர் கொஞ்சம் கிட்டே வந்தது. நம் நாட்டில் எடுத்தவற்றில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நாலு கட்டம், அவ்வளவுதான். தோட்டத்தை விட்டு வந்தவர்களைப் பற்றித் தனியாக ஒன்றும் அகப்படவில்லை.

வெட்கத்தை விட்டு டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தியர் எண்டு ஒரு கட்டம். பங்களாவில பிறந்த நானும் அதுக்குள்ள, புஷ்பாவின்ர அண்ணனும் அதுக்குள்ள. சராசரி எடுத்தா எங்கள் ரெண்டு பேருக்கும் அரைக்கால் அரைக்கால் போயிருக்கும். தெரியாததைத் தெரியாது எண்டே எழுதுங்கோ.”

எழுதினேன். ஒரே பக்கம். இந்நாட்டு இந்தியரிடம் இனிப்பு நீர் அதிகம், இதை நம்பலாம். தோட்டத்தை விட்டு வந்தவர்களுடைய கால்களைப் பற்றி, தேடிய வரையில் எதுவும் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும். சிஸ்டர் அதைக் கூட்டத்தில் வாசித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிளினிக்கைக் கொஞ்ச காலம் நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு மறுபடியும் தலைக்கனம் ஏறிவிட்டது.

4. சனிக்கிழமை

முதல் சனிக்கிழமை மண்டபத்தில் பெயர் எழுத நானே வலியப் போய் உட்கார்ந்தேன். சனங்கள் வந்தார்கள், தூணோரம் நின்றார்கள், எங்களையே பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார மட்டும் ஒருவரும் வரவில்லை.

“அண்ணே, மொதல்ல நீங்க உக்காருங்க. உங்களப் பாத்துட்டு வருவாங்க” என்றார் சிஸ்டர்.

கல்யாணத்தில் வீடியோவுக்கு நிற்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு விரலை நீட்டினேன். குத்தினார். மீட்டரைப் பார்த்தார். சனத்துக்குக் கேட்காதபடி குரலைத் தணித்து, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.

காலுறையின் அடியில் காய்ந்த ரத்தம் இருந்தது. குதிகாலில் ஒரு ஸ்டேப்ளர் ஊசி ஏறி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. கட்டுரைகளைத் தைத்தபோது சிதறியது எப்படியோ சப்பாத்துக்குள் போயிருக்கிறது.

“எத்தன நாளா இருக்குண்ணே?”

“தெரியலையே.”

“வலிக்கலையா?”

“இல்ல.”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரை முற்றினால் காலில் உணர்வு போய்விடும், குத்தினாலும் தெரியாது. எத்தனை கட்டுரையில் அந்த வரிக்கு மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

சிஸ்டர் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“இவ்வளவு படிச்சீங்களே அண்ணே. இது உங்களப் பத்தின்னு ஒரு தடவகூடத் தோணலையா?”

தூணோரம் நின்ற ஓர் அக்கா என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் யாரை ஆராய்ந்து எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. அது சரியான கட்டுரைதான் என்று தெரிந்தால், பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன் உங்களுக்கு என்று ஒரு தடவை படியுங்கள்.

எனக்கு இன்னும் இரண்டு காலும் இருக்கிறது. படித்ததனால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சிஸ்டர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதால்தான் இருக்கிறது.