நாற்பது அம்மனும் ஒரு பீலிக்கரையும்: கண்டியில் சட்டை அச்சடித்த கதை

வவுனியாவிலிருந்து நான் கண்டிக்குப் போவதற்கு வழக்கமாக ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். குளிர். இந்தமுறை காரணம் நாற்பது மஞ்சள் டீ-சேர்ட்.

சத்யாவும் நானும் பேராதனையில் படித்த காலத்தில் ஒரே விடுதி அறை. அவள் தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கண்டி டவுனில் சட்டைக்குப் படம் அச்சடிக்கும் கடையொன்றில் டிசைன் வேலை பார்க்கிறாள். சித்திரைக் கடைசியில் ஒருநாள் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "எங்க தோட்டத்துத் தேர் வருதுடி. கமிட்டிக்காரங்க மொத்தச் சட்டையும் என்கிட்டயே குடுத்துட்டாங்க. நீ வந்தே ஆகணும்!"

இதில் ஒரு சட்டை ஓடரை விடப் பெரிய விசயம் இருந்தது. தெல்தோட்டை பஜாரில் ஒரு சின்ன அறை பார்த்து வைத்திருந்தாள். அதில் ஒரேயொரு சூட்டுப் பிரஸ் மெஷின் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. வீட்டில் அப்பா சம்மதிக்கவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மலையில் யாருக்குச் சட்டை அடிக்கப்போகிறாய் என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "மொதல்ல தேர்ச் சட்டைய ஒழுங்கா கொண்டா. ஊர் சிரிக்காம இருந்தா கடையைப் பத்திப் பேசுவோம்." ஆகவே அந்த நாற்பது சட்டைகளின் தலையில்தான் அவள் கடை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நாலே முக்கால் பஸ். கண்டிக்கு நூற்றெழுபது கிலோமீட்டர் சொச்சம், ஐந்து மணிநேரம். இடதுபக்க ஜன்னல் எனக்குத்தான் என்று போராடிப் பிடித்தேன். தம்புள்ளை வரை நித்திரை கொண்டதால் போராட்டம் வீண். மாத்தளை தாண்டியதும் காற்றில் ஈரம் வந்தது. எனக்கு அந்த இடத்தில் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும், இந்தமுறையும் வந்தது.

கடை, மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள், மாடியில். முதலாளி நௌஷாத் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். என் பையைப் பார்த்தவுடனேயே பிளேன்டீக்குச் சொல்லிவிட்டார். அவர் பின்னால் சுவர் முழுக்க மரச் சட்டம் போட்ட வலைகள் அடுக்கியிருந்தன. பெரிய பாடசாலை ஓடர் வந்தால் இன்றைக்கும் அந்த வலையில் சாயத்தை இழுத்துத்தான் அடிக்கிறார்களாம், ஐந்நூறு சட்டைக்கு அதுதான் மலிவு.

"முந்தி ஒரு சட்ட மட்டும் வேணுமெண்டு யாரும் வந்தா, டீயக் குடுத்து அனுப்பிடுவோம்" என்றார் நானா. "ஒரு கலருக்கு ஒரு வலை. நாலு கலருண்டா நாலு வலை. ஒரு சட்டைக்கு எவன் அந்தப் பாடு படுறது? இப்ப பாருங்க தங்கச்சி, ஒரு சட்டக்காரங்கதான் கூடுதலா வாராங்க."

உண்மைதான். நான் இருந்த ஒரு மணிநேரத்துக்குள் வந்தவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். தன் நாயின் முகத்தைச் சட்டையில் போட்டுக்கொண்ட வெள்ளைக்காரத் தம்பதி. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அம்மாவின் கல்யாணப் படத்தோடு வந்த சிங்கள அண்ணன் ஒருவர். பின்னேரமே வேண்டும் என்று நின்ற பேராதனை மாணவர் கூட்டம். படம் எல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. மங்கிய படமென்றால் கணினியைக் கொண்டு தெளிவாக்குகிறாள் சத்யா. அந்த நாய்க்கு நிஜத்தில் இல்லாத மீசை மயிர்கூட வந்துவிட்டது.

வேலை நடக்கிற விதமும் பார்க்க ஆசையாக இருக்கும். பிரிண்டர் சட்டையில் அடிப்பதில்லை. கண்ணாடி போன்ற ஒரு தாளில் அடிக்கிறது. மை ஈரமாக இருக்கும்போதே வெள்ளைப் பசைத் தூளை, கேக் மேல் சீனி தூவுவதுபோலத் தூவுகிறார்கள். சூட்டில் காயவைத்ததும் தாள் தயார். அதைச் சட்டைமேல் வைத்துச் சூட்டுப் பிரஸ்ஸை இறக்கினால் பதினைந்து செக்கனில் படம் துணியோடு ஒட்டிவிடும். சத்யாவின் திட்டமும் இதுதான். தாளை நானாவிடம் அடித்து பஸ்ஸில் வரவழைப்பது, தெல்தோட்டையில் வைத்து ஒட்டுவது. பெரிய பிரிண்டர் வாங்கத் தேவையில்லை.

மேசையில் நாற்பது தாள்கள் இருந்தன. நாற்பதிலும் தோட்டத்து மாரியம்மன். சிவப்புப் பட்டு, வேப்பிலை மாலை, மூக்குத்திக்கல்கூட மினுங்கியது. ஒவ்வொன்றும் முதுகு நிறைய வரும் அளவு.

"எப்பிடி?" என்றாள்.

"கையெடுத்துக் கும்பிடவேணும் போல கிடக்கு" என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன்.

ஒரேயொரு மாதிரிச் சட்டையாவது ஒட்டுமுன் கமிட்டி வாட்ஸப் குழுவுக்குத் தாள்களைப் படமெடுத்து அனுப்பினாள். டிசைனைப் போனவாரமே அனுப்பியிருந்தாள். அப்போது குழு முழுக்கக் கும்பிடும் கைகளாக வந்து விழுந்ததாம். சாமி படம் ஃபோனில் வந்தால் நம் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்? இப்போது அவள் "நாளை மறுநாள் உங்கள் முதுகில்!" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியதுதான் வினை.

முதலில் வந்தது தங்கம்மா அக்காவின் குரல் பதிவு. சத்யா வீட்டுக்குப் பக்கத்து லயத்துக்காரர் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுதான் லயம்), திருவிழாச் சமையலுக்குத் தலைவி. குரல் கடை முழுக்க ஒலித்தது.

"ஏம்மா சத்யா, முதுகுலயா? ஆத்தாள முதுகுல போட்டுக்கிட்டு நான் எப்பிடிம்மா பஸ்ஸுல சாஞ்சு ஒக்காருவேன்? அது கூட போகட்டும். வேர்வையாகிட்டா தொவைக்கணும்ல? பீலிக்கரைக் கல்லுல ஆத்தாள அடிக்கச் சொல்றியா?"

பீலி என்றால் மலையிலிருந்து குழாயில் விழும் தண்ணீர். தோட்டத்தில் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். துணியைக் கல்லில் ஓங்கி அடிக்காமல் வெளுத்த ஆள் அங்கே யாரும் கிடையாது.

அடுத்து பதிவுமேல் பதிவு. கோழிக்கறி சாப்பிடும்போது சட்டையைக் கழற்றுவதா என்றார் ஒருவர். தீட்டு நாளில் என்ன செய்வது என்று இரண்டு பெண்கள் கேட்டார்கள். கிழிந்தால் அடுப்படித் துணியாகக்கூட ஆகாதே என்றது இன்னொரு குரல். கடைசியில் சத்யாவின் அப்பாவிடமிருந்து ஒரேயொரு செய்தி: "பார்த்தேன்." அவ்வளவுதான். சத்யாவின் முகம் வாடிவிட்டது.

"நாளை மறுநாள் தேர். நாப்பது தாள்டி. குப்பையில போடவும் முடியாதே" என்றாள்.

"குப்பைக்கு நான் போடவும் மாட்டன்" என்றார் நானா. "அது உங்கட சாமி. ஆனா தங்கச்சி, முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல வார யோசனை எல்லாம் பயம்தான்."

சொல்கேட்டு இறங்கினோம். எதிர்ச் சந்துச் சோற்றுக்கடையில் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் கருவாட்டுக் குழம்பும், வாழ்நாளில் நான் இவ்வளவு வேகமாகச் சாப்பிட்டதில்லை. சத்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் புடவைக்கடை. வாசலில் மஞ்சள் துணிச் சுருள் ஒன்றை ஒருவர் விரித்து அளந்துகொண்டிருந்தார். அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"துணியில ஒட்டணும்னா அது சட்டையாத்தான் இருக்கணுமா?" என்றாள்.

"என்ன செய்யப்போறாய்?"

"கொடிடி! தேர் வர்ற பாதை முழுக்க நாப்பது கொடி. ஆத்தா உசரத்துல இருப்பா. யாரும் சாயவும் மாட்டாங்க, தொவைக்கவும் மாட்டாங்க."

நான் எழும்பிக் கை தட்டியே விட்டேன். கடைக்காரர் ஒருதரம் பார்த்தார், பரவாயில்லை.

கொடிக்குத் துணி வாங்கியாயிற்று. ஆனால் சட்டைகள் வெறும் மஞ்சளாகக் கிடந்தன. அதற்கும் அவளே வழி கண்டாள். குழுவில் குரல் பதிவு போட்டாள். "எல்லாரும் மன்னிச்சுக்கங்க. ஆத்தா கொடியில வர்றா. சட்டையில உங்க உங்க பேரு. எப்பிடி கூப்பிட்டா பிடிக்குமோ அப்பிடியே அனுப்புங்க."

பழைய வலை முறையில் நாற்பது பெயருக்கு நாற்பது வலை வேண்டும். நானா எங்களை மாடியிலிருந்து தள்ளிவிட்டிருப்பார். இப்போது கணினிக்கு நாற்பது பெயரும் ஒன்றுதான். பெயர்கள் வரத் தொடங்கின. பாருங்கள், நான் ரசித்த பகுதி இது. கமிட்டித் தலைவர் "தலைவர்" என்று மட்டும் அனுப்பினார். தவில்காரர் தன் பெயரோடு மகளின் பெயரையும் கேட்டார். பொன்னம்மாள் என்பவர் தன்னை ஊர் "சிட்டு" என்றுதான் கூப்பிடும், அதையே போடச் சொன்னார். தங்கம்மா அக்காவின் பதிவு கடைசியாக வந்தது.

"தங்கம்மான்னு பெருசாப் போடு. என்னைய நான் கல்லுல எத்தன அடி வேணும்னாலும் அடிச்சுக்குவேன்!"

நானா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. அப்பாவின் பெயர் வரவில்லை. அவரைக் கேட்காமலே சத்யா "சுப்பையா" என்று அடித்துக்கொண்டாள். நானும் பிரஸ்ஸில் நின்றேன். கையைச் சுட்டுக்கொண்டது ஒருமுறை, கொடியைத் தலைகீழாக வைக்கப்போய்த் திட்டு வாங்கியது ஒருமுறை. கடை பூட்டும் நேரத்துக்கு எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை பேராதனைச் சந்தியில் தெல்தோட்டை பஸ் ஏறினோம். அவள் தங்கியிருக்கும் வாடகை அறை பேராதனையில் என்பதால் அந்த முட்டாள்தனம். நீங்கள் கண்டியிலேயே ஏறுங்கள். சந்தியில் ஏறினால் வழியிலுள்ள கலஹா வரை நின்றுகொண்டுதான் போகவேண்டும். கண்டியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், வளைவுகளால் இரண்டு மணிநேரம், டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். கொண்டக்டர் எங்கள் மூன்று மூட்டையையும் பார்த்து, "என்ன அக்கா, கடையே வருதா?" என்றார்.

"இன்னும் இல்ல" என்றாள் சத்யா.

ஞாயிறு காலை தேர். மாலை வரை மழை வராது என்று எல்லோரும் சொன்னார்கள், பத்து மணிக்கே தூறியது. ஒருவரும் அசையவில்லை. தேயிலைக்கு நடுவே வளைந்து போகும் பாதை முழுக்க நாற்பது மஞ்சள் கொடியில் அம்மன் ஆடிக்கொண்டிருந்தாள். நனைந்தும் ஒரு சொட்டு மை வழியவில்லை. வழியுமோ என்று நான்தான் செத்துப் பிழைத்தேன். வடம் பிடித்தவர்களின் முதுகைப் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டே நடந்தேன். சிட்டு. தலைவர். முருகேசு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தன்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று தங்கம்மா அக்கா சொன்னார். அன்றைக்கு அவர் என் முன்னால் வந்து வந்து திரும்பி நின்றார், நான் வாசிக்கவேண்டுமாம். ஐந்தாவது தடவையும் சத்தமாக வாசித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

சத்யா மட்டும் சாதாரணச் சுடிதாரில் நின்றாள். எல்லாருடைய பெயரையும் அடித்தவள் தன்னுடையதை மறந்துவிட்டாள்.

அன்னதானப் பந்தியில்தான் அவள் அப்பா பக்கத்தில் வந்தார். முதுகில் "சுப்பையா", மழையில் நன்றாகவே நனைந்திருந்தது. பாயசக் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மெஷின் என்னா கனம் இருக்கும்? பஜார்ப் படியேத்த நாலு பேரு போதுமா?"

சத்யா ஓடிப்போய்த் தங்கம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். நான்தான் "ரெண்டு பேர் காணும் அப்பா" என்றேன். கனம் எனக்கு எப்படித் தெரியும், வாயில் வந்ததைச் சொன்னேன். கடைசியில் மூன்று பேர் தேவைப்பட்டார்களாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கண்டியில் ஒற்றைச் சட்டைக்கு அச்சோடு ஆயிரத்து நானூறு முதல் ஆயிரத்து எண்ணூறு வரை கேட்கிறார்கள். காலையில் கொடுத்தால் பின்னேரம் கிடைக்கும். பருத்தித் துணி கேளுங்கள். வாட்ஸப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பாமல் கோப்பாக (document) அனுப்புங்கள், தெளிவு குறையாது. துவைக்கும்போது உட்புறம் வெளியே தெரியப் புரட்டிப் போடுங்கள், படத்தின்மேல் நேராக இஸ்திரி வைக்காதீர்கள். தெல்தோட்டைக்குப் போனால் குடை கட்டாயம். கடைசி பஸ்ஸை நம்பாமல் நேரத்தோடு திரும்புங்கள்.

அங்கே பஜாரில், படியேறினால் ஒரு சின்ன அறை. மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவளின் முதுகில் "சத்யா" என்றிருக்கும்; அந்த மெஷினில் ஒட்டிய முதல் சட்டை அது. என்ன படம் கொண்டுபோனாலும் செய்து தருவாள். விலை பேசுமுன், அளவு கேட்குமுன், அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்:

"இத எங்க வச்சுத் தொவைப்பீங்க?"