கத்தி படாத கரும்பு

கரும்பைப் பிளந்து மோந்து பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னால் பொதட்டூர்பேட்டையில் என் அம்மா வீட்டுத் தறிக்காரர்கள் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கரும்பு நோய் ஆராய்ச்சி பாதி மூக்கு, பாதி கத்தி. செவ்வழுகல் நோய் வந்த கரும்பு சில நாள் வெளியே பார்க்க ஜம்மென்று நிற்கும். பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டோடு, புளித்த கள் வாசனை அடிக்கும். வந்தபின் மருந்து கிடையாது. தண்ணீர் பாயும் வழியெல்லாம் பரவும்.

என்னைக் கட்டிக்கொடுத்தது திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பை நம்பியே சாப்பிடுகிற வீட்டில். மகன் பிறந்ததும் வேண்டுதலை நிறைவேற்ற, திருத்தணி மலையில் அவனைக் கரும்புத் தொட்டிலில் போட்டுக் கோயிலைச் சுற்றினோம். கணவரின் அண்ணன்தான் முன்னால் தோள் கொடுத்தார்; அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எனக்கும் கண் கலங்கியது. அதிலெல்லாம் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு மறுநாள் வந்தது. தொட்டில் கரும்பைக் கழனியில், தண்ணீர் நுழையும் மடையருகே நடுவது அந்த வீட்டு வழக்கம். அதுவும் துண்டு போடாமல், முழுசாக. சாமி கரும்பில் கத்தி படக்கூடாதாம். மற்ற விதைக்கரும்பைக் கரணைத் துண்டுகளாக வெட்டும்போதாவது உள்ளே இருக்கும் சிவப்பு கண்ணில் பட்டுவிடும். இதில் அந்த வழியும் இல்லை. மலையடிவாரக் கடையில் வாங்கிய கரும்பு, எந்த ஊர்க் கழனியில் விளைந்ததோ! அதைக் கொண்டுபோய் மடை வாயிலா புதைப்பது?

"பாவா, ஒரு தடவ பொளந்து பாத்துட்டு நடலாங்க" என்றேன்.

"இன்னாம்மா பேசிகினு கீற? கொழந்த படுத்த கரும்பும்மா அது!"

"கொழந்தய குடுத்தது சாமிங்க. கரும்ப குடுத்தது கடக்காரன்."

மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். நான் வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்துவிட்டேன். முதல் கரும்பு உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. "ஆச்சா? திருப்தியா?" என்றார் பாவா. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் பாதியில் விட்டால் அதற்குப் பெயர் சோதனை இல்லை. மூன்றாவதைப் பிளந்தேன். கத்தி அடிவரை இறங்குவதற்குள் கள் வாசனை வந்துவிட்டது.

"மோந்து பாருங்க" என்று பாவாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். மோந்தார். எழுந்து போய்விட்டார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மாமியார் அழுதார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது; பெற்றவள்தானே. ஆனாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லாக் கரும்பையும் கழனிக்கு வெளியே போட்டுக் கொளுத்தினேன்.

அன்றிலிருந்து பாவா என்னோடு பேசுவதில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட என் கத்தியைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். கழனி முழுக்கக் காய்ந்து போயிருந்தால் யாரைச் சொல்லியிருப்பார்கள்?

இந்த வருஷ நடவின்போது மடைப் பக்கம் போனேன். பாவா தனியாக உட்கார்ந்து விதைக்கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரணையையும் திருப்பிப் பார்த்து, மோந்து, அதன் பிறகுதான் கூடையில் போட்டார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகம்தானே, திருப்பிக்கொள்ளட்டும். மூக்கு என் பக்கம் வந்துவிட்டது.